நிரோவின் திங்கட்கிழமைக் கடிதங்கள்

12 ஜனவரி 2004, திங்கள்

காலை −27. ஜன்னலின் உட்பக்கமும் பனி பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டினேன். பயனில்லை.

கீழே சலவை அறை. திங்கள் ஒன்பது மணி என் நேரம். பலகையில் என் பெயர் எழுதியிருக்கிறது. இரண்டு மெஷினிலும் வேறு யாருடையவோ உடுப்பு. வாங்கில் அமர்ந்தபடி இரண்டு இளம்பெண்கள். நீளப் பாவாடை, கனத்த சப்பாத்து, மார்பில் கறுப்புத் தகடு. ஒருத்தி வெள்ளைக்காரி, உயரம், ஐடஹோ என்ற இடத்தவள். மற்றவள் எங்கள் நிறம். தகட்டில் "சிஸ்டர் சிவநேசன்". இரண்டு முறை வாசித்தேன். என்னைப் படிப்பித்த சிஸ்டர்மாருக்குத் தகடு தேவைப்பட்டதில்லை.

"அன்ரி தமிழோ?"

"ஓம். இது என்ர நேரம்."

"சொறி அன்ரி. பலகையைப் பாக்கேல்ல."

மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபை. பதினெட்டு மாதம் வீடு வீடாகப் போய்ப் போதிக்க வேண்டும். எந்த நாடு என்று அவர்கள் தெரிவு செய்ய முடியாது. லண்டன் பிள்ளையை மொன்றியலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதின்மூன்று மாதம் முடிந்தது, ஜூனில் விடுதலை. இருவரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். நம் கட்டிடத்தில் முதலாம் மாடிக்கு வந்து மூன்று கிழமை.

ஆற்றை பிள்ளை என்று விசாரித்தேன். தாய்க்கு ஊர் அளவெட்டி. தகப்பன் இவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது காலமாகிவிட்டார். பத்தொன்பது வயதில் இந்தச் சபையில் சேர்ந்தாள். அன்று முதல் தாய் சாமியறையைப் பூட்டி வைத்தா, கதைப்பதில்லை. லண்டனில் இருந்து வெளிக்கிட்ட அன்று மட்டும் சொன்னாவாம்: "நான் வா எண்டு கூப்பிடாமல் இந்த வாசலுக்கு வரக்கூடாது." பிள்ளை இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மேலே வரச் சொன்னேன். குளிருக்காக, மதத்துக்காக அல்ல என்று முதலே சொல்லிவிட்டேன். தேத்தண்ணீர் ஊற்றினேன். குடிக்க மாட்டார்களாம், கோப்பியும் கூடாதாம். என் வீட்டுத் தேத்தண்ணீரை இதுவரை யாரும் மறுத்ததில்லை. இரண்டு கோப்பையையும் அவர்கள் பார்க்கத் தொட்டியில் ஊற்றினேன். பிறகு பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஐடஹோக்காரி மூன்று கோப்பை.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள் (பெயர் நிரோஷினி, நிரோ போதுமாம்):

"அன்ரி, உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுமோ?"

முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. உண்மையாகவே கேட்கிறாள்.

15 ஜனவரி, வியாழன்

−24. முழங்கால். பஸ் வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. டொக்டர் குளிசையை மாற்றினார். பழையதே திறம்.

வாங்க: பால் (கூட ஒரு பெட்டி), மல்லி, கோடு போட்ட தாள், நீல மை.

மகன் புரோசார்டில் இருந்து ஃபோன். கீழறை தயார், வந்து இருங்கள் என்றான். ஒவ்வொரு மாதமும் சொல்கிறான். கீழறையில் ஜன்னல் எங்கே என்று கேட்டேன். பேச்சை மாற்றினான். ஞாயிறு வருவதாகச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. என் கணவர் போய் ஆறு வருடத்தில் யாரையும் வா என்று கேட்டதில்லை.

19 ஜனவரி, திங்கள்

−22, வெயில். திங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வு. உடுப்புத் தோய்ப்பது, சாமான் வாங்குவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்றுதான். தொலைபேசியில் வீட்டாருடன் கதைப்பது வருடத்துக்கு இரண்டு தரம்.

நிரோ தாய்க்கு ஒவ்வொரு கிழமையும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். தாய்க்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். தாயின் தம்பி வாசித்துச் சொல்வாராம். கிறிஸ்மஸுக்கு ஃபோன் எடுத்தபோது அந்த மாமனின் மகள் சொல்லியிருக்கிறாள்: "அப்பா உன்ர கடிதத்தில இருக்கிறதை வாசிக்கிறேல்ல. தான் நினைக்கிறதைத்தான் வாசிக்கிறவர்." பதின்மூன்று மாதக் கடிதமும் அப்படியே போயிருக்கிறது. தாயே தன் கண்ணால் வாசிக்கக் கூடிய கடிதம் ஒன்று வேண்டுமாம்.

அந்த மாமனைப் போன்ற மனிதர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். சொன்னேன். ஐடஹோக்காரிக்கு நிரோ மொழிபெயர்க்கவில்லை.

மேசையில் அமர்ந்தோம். அவள் சொல்ல, நான் எழுத. கொட்டித் தள்ளினாள். லாசாலில் ஒரு மனிதர் கதவைத் திறந்து, பத்து நிமிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் காதுக் கருவியை எடுத்து வந்து, இனித் தொடங்கு என்றாராம். இங்கேயே இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ் மனுசி தகட்டை வாசித்துவிட்டு, "சிவநேசன் எண்ட பேரைக் குத்திக்கொண்டு இந்த வேலைக்கு வாறியே, உன்ர கொப்பர் எழும்பி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டாவாம். "ரெண்டு கேள்வி கேப்பன் எண்டு சொன்னனான், அன்ரி. கதவைச் சாத்திப்போட்டா."

கடிதம் கொட்டுகிற இடமல்ல. கொன்வென்ட் விடுதியில் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குக் கடிதம். மதர் ஒவ்வொன்றையும் வாசித்து, வேண்டாததை வெட்டி, திரும்ப எழுத வைத்துத்தான் தபாலில் சேர்ப்பா. எனக்குப் பதினொரு நாள் காய்ச்சல் என்று ஒருமுறை எழுதினேன். வெட்டிவிட்டா. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஆகவே: நலம், நலமறிய ஆவல். இங்கு குளிர் கடுமை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். நல்ல மனிதர்கள் அயலில் இருக்கிறார்கள். ஒரு பக்கம், அடித்தல் இல்லை.

"வாசிச்சுக் காட்டுங்கோ, அன்ரி."

தாளைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னவற்றைச் சொன்னேன். காதுக் கருவி, தமிழ் மனுசி, எல்லாம். என் ஞாபகசக்திக்குக் குறைவில்லை. அவள் சந்தோஷப்பட்டாள். உறையை அவளே ஒட்டினாள்.

26 ஜனவரி, திங்கள்

−19. நிரோவின் முகம் சரியில்லை. ஐடஹோக்காரி வந்ததும் சோபாவில் சரிந்துவிட்டாள், காலுறையோடு. வலது பாதத்தில் இரண்டு விரல் வெண்மையாகி உணர்வில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது. ஒவ்வொரு கிழமையும் ஹெயிட்டிக்காரக் கிழவி ஒருத்தியின் படியில் பனி வழித்துக் கொடுப்பார்களாம். மதம் கேட்க மாட்டாள்; வழித்து முடிந்ததும் தோடம்பழம் கொடுப்பாள். வெள்ளி மணி அடித்தார்கள், திறக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கதிரையில் இருந்தபடி. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மடியில் இரண்டு தோடம்பழம்.

"நான் ஓடி வெளிய வந்திட்டன், அன்ரி. சிஸ்டர்தான் உள்ளுக்கு நிண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ, பொலிஸ் வரும்வரைக்கும். நான் படியில நிண்டு அம்மா, அம்மா எண்டுதான் கத்தினனான். ஜெபம் ஒண்டும் வரேல்ல. அதையும் எழுதுங்கோ."

எழுதவில்லை. ஒரு தாய் இதை வாசித்து என்ன செய்வா? "அயலில் ஒரு முதியவர் காலமானார், துக்கத்தில் பங்குகொண்டோம்" என்று எழுதினேன். வாசித்துக் காட்டும்போது முழுவதும் சொன்னேன். ஐடஹோக்காரி தண்ணீர் ஆறிவிட்டது என்றாள்.

2 பெப்ரவரி, திங்கள்

வரவில்லை. அவர்களுக்கு ஏதோ கூட்டம். முன்பே சொல்லியிருந்தாள், நான் மறந்துவிட்டேன். காய்ச்சிய பால் ஆறிவிட்டது. குடித்தேன்.

ஆறு கிழமைக்கு ஒருமுறை இவர்களை ஊர் மாற்றுவார்களாம். ஒரு தொலைபேசி, அடுத்த நாள் பெட்டியோடு வேறிடம். இந்தக் கிழமைதான் அந்தக் கிழமை.

5 பெப்ரவரி, வியாழன்

மாற்றவில்லை. படியில் கண்டபோது நிரோ சொன்னாள். அப்படியா என்றேன். மாலையில் மீன் குழம்பு வைத்தேன், ஒருவருக்கு அதிகம்.

9 பெப்ரவரி, திங்கள்

−11, மேகம். தாயிடமிருந்து கடிதம். இரண்டு நாளாகப் பிரிக்காமல் வைத்திருக்கிறாள், பிரித்தாலும் வாசிக்கத் தெரியாது. "அன்ரி, கெதியா."

வாசித்தேன், உள்ளபடி:

"உன் கடிதம் கிடைத்தது. நானே வாசித்தேன். எழுத்து நல்ல எழுத்து, ஆரோ பெரிய ஆள் எழுதினது போல. எனக்கு வயிற்றில் கட்டி என்கிறார்கள். வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். நீ எப்ப வருவாய் என்று மாமா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை."

ஐடஹோக்காரிக்கு நிரோ சொன்னாள். அவள் எழுந்து வந்து நிரோவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அவர்களுடைய மேலாளரிடம் சனிக்கிழமையே பேசியிருக்கிறாள். தாய்க்குச் சுகமில்லை என்று மாமன் மகள் மூலம் சொல் வந்ததாம். அவர் நல்லபடி பேசியிருக்கிறார்: வீட்டுக்கு ஃபோன் எடு, போவதானால் போ, முடிவு உன்னுடையது. எடுத்தாள். மாமன்: "அக்கா நித்திரை. கூப்பிட்டால் வா. கூப்பிடாமல் வந்து நிண்டு அவவை ஏன் வருத்திறாய்?"

"கூப்பிட வைக்கவேணும், அன்ரி. எழுதுங்கோ." எழுந்து நின்று சொன்னாள், பாடம் ஒப்புவிப்பது போல.

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையால் மூன்று தரம் உறையைத் தடவி ஒட்டினாள். பதில் வரும்வரைக்கும் இனி வேறு கடிதம் எழுதமாட்டாளாம்.

10 பெப்ரவரி, செவ்வாய்

நான் எழுதியது: "தங்கள் சுகவீனம் அறிந்து மிகவும் வருந்தினேன். என் கடமை ஜூன் மாதம் முடிவடைகிறது. முடிந்ததும் வந்து சேருவேன். அதுவரை மனத்தைரியத்துடன் இருக்கவும்."

வா என்று சொல்லுங்கள் என்று நோயாளித் தாயைப் பிள்ளை வற்புறுத்துவது அழகல்ல. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதும் அழகல்ல. நான்கு மாதம்தான்.

வாசித்துப் பார்க்கிறேன். இதெல்லாம் சரிதான். ஆனால் எழுதிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் நான் நினைக்கவில்லை. அடுத்த திங்களை நினைத்தேன்.

16 பெப்ரவரி, திங்கள்

பதில் இல்லை. கடிதம் போய்ச் சேர ஏழு நாள் என்றேன். நிரோ நாட்காட்டியில் எண்ணினாள். உடுப்பை மடித்தாள். அவிழ்த்து மீண்டும் மடித்தாள்.

மல்லித்தண்ணீர் இருவருக்கும்.

23 பெப்ரவரி, திங்கள்

பனி, பத்துச் சென்ரிமீற்றர். பதில் இல்லை.

"அம்மா சொல்லமாட்டா, அன்ரி. அந்த ஒரு சொல்லு வராது. நான் கேட்டு எழுதியும் வரேல்ல எண்டால், வேண்டாம் எண்டுதானே?"

"இன்னும் பொறு, பிள்ளை."

இதைச் சொன்னது நான். என் வாயால்.

ஐடஹோக்காரி தனியாக என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "மேடம், அந்த அம்மா உண்மையிலேயே அவ்வளவு கடினமானவரா?" தெரியாது என்றேன்.

போன பின் தாள் எடுத்தேன். தாய்க்கு நானே எழுதலாம் என்று. அன்புள்ள சகோதரிக்கு. அதற்கு மேல் கை போகவில்லை. எழுதினால் யார் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். நான்கு தாள் கிழித்தேன். முகவரி மட்டும் நன்றாக வந்தது.

25 பெப்ரவரி, விபூதிப் புதன்

−6. நெற்றியில் சாம்பல். கோயிலில் பன்னிரண்டு பேர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருவானவர் கெபெக்காரர். என் பிரெஞ்சு கொன்வென்டில் படித்தது, பரிசு வாங்கியது. பொறாமை, கோபம், ஞாயிறு பூசையை ஒருமுறை விட்டது எல்லாம் சொன்னேன். கடிதத்தைச் சொல்லவில்லை. சொற்கள் இல்லாமல் அல்ல.

1 மார்ச், திங்கள்

பனி உருகிச் சேறு. எட்டரைக்கே கதவைத் தட்டினார்கள். கடிதம் சனியே வந்திருக்கிறது. திங்கள்வரை பொறுத்திருக்கிறாள், சட்டப்படி. என்னிடம் நீட்டினாள்.

ஒரு தாள். எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து கீழே போகிறது.

"ஜூனில் வருவேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு முதல் எனக்கு முடிந்துவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உன்னைக் கூப்பிடுவோம் என்று தாள் எடுத்து வைத்திருந்தேன். கடமை என்று எழுதியிருக்கிறாய். நான் குழப்பவில்லை. கடமையை முடித்துக்கொண்டு வா."

மனதுக்குள் வாசித்து முடித்தேன். இருவரும் என் வாயைப் பார்த்தபடி.

"டொக்டர் கன நாள் இல்லை எண்டு சொல்லிப்போட்டாராம்" என்றேன். "வா எண்டு எழுதியிருக்கிறா."

"எங்க? எந்த இடம்?"

கடைசிச் சொல்லில் விரலை வைத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்து, "உங்களாலதான் அன்ரி, உங்கட கடிதத்தாலதான்" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நாளை மாலை விமானம். கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு போனாள்.

2 மார்ச், செவ்வாய்

போகமுன் வந்தாள். தகடு இல்லை. பெயரில்லாத நீலக் கோட்டு. பெட்டி சிறியது. என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தேன். ஐடஹோக்காரி விமான நிலையம்வரை போனாள். அவளுக்கு நாளை வேறு ஊரில் இருந்து வேறு துணை வருகிறதாம். வாசலில் நின்று அழுதது அவள்தான், நிரோ அல்ல.

கடிதம் அவளோடு போகிறது. லண்டன் முழுக்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

4 மார்ச், வியாழன்

மழையும் பனியும். வெளியே போகவில்லை. மகன் ஃபோன். "அந்த மோர்மன் பிள்ளையள் இன்னும் வருதுகளோ அம்மா? உங்களை மதம் மாத்திப்போடுங்கள்." இல்லை, வருவதில்லை என்றேன். நல்லது என்றான்.

8 மார்ச், திங்கள்

ஒன்பது மணி சலவை. இரண்டு மெஷினும் வெறுமை. ஐடஹோக்காரியும் புதிய துணையும் படியில். நிரோ போய்ச் சேர்ந்தாளாம். வேறு தெரியாதாம். மேலே வரட்டுமா என்று கேட்டாள். முழங்கால் சரியில்லை, இன்று வேண்டாம் என்றேன்.

10 மார்ச், புதன்

−3. காலை பத்து. தொலைபேசி. நிரோ.

"அன்ரி, அம்மா வெள்ளிக்கிழமை போயிட்டா."

"நீ கிட்ட இருந்தனியோ?"

"ஓம். நான் போய் நிக்கேக்க கண் திறந்து பாத்தவ. 'ஜூன் எண்டெல்லோ எழுதினனி' எண்டவ. பிறகு கதைக்கேல்ல. ரெண்டு நாள் அப்பிடியே கிடந்தவ."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தலகணிக்குக் கீழ உங்கட மூண்டு கடிதமும் இருந்தது. மாமாவை வாசிக்கச் சொன்னனான். மாமா பொய் வாசிக்கிறார் எண்டு சண்டை பிடிச்சன், அன்ரி. செத்த வீட்டில வச்சு. கடிதத்தைப் பறிச்சுக்கொண்டு போய் பஸ் தரிப்பில நிண்ட ஆரோ ஒரு தமிழ் மனுசியிட்டக் குடுத்தன். அவவும் அதையேதான் வாசிச்சவ." மூச்சு வாங்கினாள். "ஜூன் எண்டு ஆர் எழுதினது?"

"நான்."

"ஏன்?"

மதரைச் சொல்லலாம். அழகு, ஒழுங்கு, தொடங்கிய வேலை. எல்லாம் நுனிநாக்கில் இருந்தன.

"நீ போனால் திங்கட்கிழமையில எனக்கு ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு."

அவளுக்குப் பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தம், பாத்திரச் சத்தம்.

"நான் அண்டைக்கு எழும்பி நிண்டு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"முழுக்க."

"அப்ப அதை எழுதுங்கோ. மாமாவின்ர கடையில ஃபாக்ஸ் இருக்கு. நம்பரை எழுதுங்கோ." சொன்னாள், எழுதினேன். "வாற வெள்ளிக்கிழமை எரிக்கிறம். பெட்டிக்குள்ள அம்மாவின்ர கையில வைக்கவேணும். திருத்தாதேங்கோ."

வைத்துவிட்டாள். அன்ரி என்று சொல்லவில்லை.

கோடு போட்ட தாள். அவள் சொன்ன வாயோடு அப்படியே:

"அம்மா, நான் வரவோ? வா எண்டு ஒரு சொல்லு எழுதுங்கோ. மாமாவைக் கேக்க வேண்டாம். ஒரு சொல்லுப் போதும், அண்டைக்கே வெளிக்கிடுவன். சாமியறையை நீங்கள் பூட்ட வேண்டாம், நான் வெளியில நிக்கிறன். எனக்கு உங்கட கையால சோறு வேணும். உங்களுக்கு ஏலாட்டில் நான் காய்ச்சித் தாறன். எனக்குக் காய்ச்சத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும். எண்டாலும் காய்ச்சுவன். வா எண்டு சொல்லுங்கோ அம்மா."

மூலையில் உள்ள டெப்பனர் கடையில் ஃபாக்ஸ் மெஷின் இருக்கிறது. வழுக்கும் நடைபாதை, இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வியட்நாம்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எது மேற்பக்கம் என்று. காட்டினேன். உள்ளே போட்டு எண்களை அழுத்தினார். முதல் முறை லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை போயிற்று. தாள் மறுபக்கத்தால் வெளியே வந்தது, சூடாக.

"போய்விட்டது, மதாம்."

யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன்.

அது இந்த மெஷினுக்குத் தெரியாது என்றார்.